மரம் நடுமுன் குடும்பம் விசாரியுங்கள்: பட்டா நிலத்தில் காட்டு மரம் வளர்ப்பவர்களுக்கு

பெண் கொடுக்கும்போது குடும்பம் விசாரிக்கிறோம். மரம் நடும்போது யாரும் விசாரிப்பதில்லை. நானும் விசாரிக்கவில்லை. பெரம்பலூர் பக்கம் அப்பா விட்டுப்போன நாலு ஏக்கரில், நர்சரிக்காரர் வண்டியில் ஏற்றிவிட்டதை எல்லாம் வரிசையாக நட்டேன். சந்தனம் காய்ந்தது, மகோகனி முனை கருகியது. நன்றாக வளர்ந்த தேக்கை வெட்டப் போனபோது காகிதம் இல்லை என்றார்கள். அந்தக் காகிதத்தைச் சேர்க்க எனக்குப் பதினொரு மாதம் ஆனது.

அலைந்ததில் ஒன்று புரிந்தது. ஒரு மரத்தின் தாவரக் குடும்பம் தெரிந்தால் அது மண்ணுக்கு என்ன செய்யும், எந்தப் பூச்சி வரும், எதற்கு விலை போகும் என்று பாதிக்கு மேல் முன்கூட்டியே சொல்லிவிடலாம். மீதிப் பாதி காகிதம். இரண்டையும் நடும் முன்பே முடித்துவிடுங்கள். கீழே உள்ளது தமிழ்நாட்டில் சொந்தப் பட்டா நிலம் வைத்திருப்பவர்களுக்கான வரிசை.

1. குழி வெட்டும் முன் காகிதம்

பட்டா யார் பெயரில் இருக்கிறது என்று இன்றே பாருங்கள். தமிழ்நாடு அரசின் நில ஆவண இணையதளத்தில் பட்டா, சிட்டாவைப் பார்க்கப் பணம் கிடையாது. நான் பார்த்தபோது அப்பா பெயரிலேயே இருந்தது. அவர் தவறி ஒன்பது வருடம் ஆகியிருந்தது. வாரிசுச் சான்று, அக்காவின் கையெழுத்து, பட்டா மாற்றம் என்று ஒன்றன்பின் ஒன்றாக ஓடியதில்தான் அந்தப் பதினொரு மாதத்தில் ஏழு மாதம் போனது. கூட்டுப்பட்டாவாக இருந்தாலும் இதே கதைதான். வெட்டும் நேரத்தில் பங்காளிகள் எல்லாரும் ஒத்துக்கொள்ள வேண்டும். நடும்போது சிரித்துக்கொண்டு சம்மதிப்பவர் இருபது வருடம் கழித்து எப்படி இருப்பார் என்று தெரியாது. உட்பிரிவு செய்துகொள்வது நல்லது, முடியாவிட்டால் எழுத்தில் ஓர் ஒப்பந்தமாவது வேண்டும்.

ஒரு கோப்பில் இவற்றை வையுங்கள்: பட்டா, சிட்டா, புலப்படம் (நிலத்தின் எல்லை அளவுகள் உள்ள வரைபடம்), பத்திர நகல், வில்லங்கச் சான்று, நிலவரி ரசீது, ஆதார் நகல். புலப்படம் எதற்கு என்று கேட்காதீர்கள். எல்லையில் நடும் ஆசை எல்லாருக்கும் உண்டு. எல்லைக்கு அந்தப் பக்கம் ஓடையோ வண்டிப்பாதையோ இருந்தால் அது புறம்போக்கு. அதில் ஒரு அடி தள்ளி நட்ட மரம் நீங்கள் தண்ணீர் ஊற்றியதால் உங்களுடையது ஆகிவிடாது. நில அளவரை வைத்துக் கல் போட்டுவிட்டு நடுங்கள்.

இன்னொன்று: உங்கள் ஊர் மலைப்பகுதி மரப் பாதுகாப்புச் சட்டம், 1955-ன் கீழ் அறிவிக்கப்பட்ட கிராமமா என்று வனச்சரக அலுவலகத்தில் கேளுங்கள். அப்படியானால் சொந்த நிலத்து மரத்தை வெட்டவும் அதற்கான குழுவின் அனுமதி தேவை. 1949-ன் தனியார் காடுகள் பாதுகாப்புச் சட்டம் உங்கள் நிலத்துக்குப் பொருந்துமா என்பதையும் அதே மூச்சில் கேட்டுவிடுங்கள். சமவெளிக்காரர்களுக்கு இந்த இரண்டும் பெரும்பாலும் இடிக்காது.

2. இலையைப் பார்த்துக் குடும்பம் சொல்லப் பழகுங்கள்

இது தாவரவியல் படித்தவர்களுக்கு மட்டும் என்று நினைக்க வேண்டாம். ஒரு சனிக்கிழமை காலை போதும். பூவும் காயும் கிடைக்காத காலத்திலும் இலையும் கிளையும் பேசும்.

இலையைக் கிள்ளுங்கள். பால் வடிந்து, கிளை நுனியில் குருத்தை மூடிய உறை உதிர்ந்த இடத்தில் மோதிரம் போல் தழும்பு இருந்தால் ஆல், அரசு, அத்தி, பலா சேர்ந்த அத்திக் குடும்பம். பால் உண்டு, மோதிரம் இல்லை, இலைகள் கிளை நுனியில் கொத்தாக நிற்கின்றன என்றால் இலுப்பைக் குடும்பமாக இருக்கலாம். கசக்கினால் எலுமிச்சை, வில்வ வாசனை. வெளிச்சத்தில் பிடித்தால் புள்ளி புள்ளியாக எண்ணெய்ச் சுரப்பி என்றால் விளாவும் வில்வமும் உள்ள எலுமிச்சைக் குடும்பம். எதிரெதிர் இலை, இரண்டு காம்புக்கும் நடுவே சின்னச் செதில் என்றால் கடம்பு சேர்ந்த காப்பிக் குடும்பம்.

தேக்கு எந்தக் குடும்பம் என்று கேட்டால் பலரும் முழிப்பார்கள். துளசிக் குடும்பம். துளசித் தண்டை விரலில் உருட்டிப் பாருங்கள், நாலு பக்கம் தட்டுப்படும். இளம் தேக்குக் கிளையும் அப்படியே. கூடவே தேக்கின் இளம் இலையைத் தேய்த்தால் கை சிவக்கும். குமிழும் இதே குடும்பம்தான்.

காய் நெற்றாகத் தொங்கினால் பயறுக் குடும்பம்: வேங்கை, செம்மரம், ஈட்டி, வாகை, புங்கம், புளி. சவுக்கில் நாம் ஊசி இலை என்று நினைப்பது இலையே அல்ல, மெல்லிய கிளை. உண்மையான இலை அதன் கணுவில் பல் போல் ஒட்டியிருக்கும்.

3. எந்தக் குடும்பம் எதைத் தரும்

இதில் கொஞ்சம் நேரம் செலவழியுங்கள். நான் செலவழிக்காததால்தான் இந்தக் கட்டுரை.

பயறுக் குடும்பம். வேரில் முடிச்சு, அதில் ரைசோபியம் பாக்டீரியா, காற்றிலுள்ள நைட்ரஜன் மண்ணுக்கு. இதைக் கேட்டவுடன் நெற்றுக் காய்க்கும் மரமெல்லாம் உரமூட்டை என்று முடிவு கட்டிவிடுகிறார்கள். புளிக்கும் சரக்கொன்றைக்கும் அந்த முடிச்சு வராது. வாகை, புங்கம், வேங்கைக்கு உண்டு. பணக் கணக்கில் வேங்கையும் செம்மரமும் நல்ல வைரம், அதாவது கெட்டியான நடுக்கட்டை, பாயும் மரங்கள், ஆனால் அதற்கு இருபது வருடத்துக்கு மேல் பொறுக்க வேண்டும். செம்மரமும் ஈட்டியும் பன்னாட்டு வணிகக் கட்டுப்பாட்டுப் பட்டியலில் இருப்பவை. சைட்டிஸ் ஒப்பந்தத்தின் இரண்டாம் இணைப்பு என்பார்கள். ஏற்றுமதி விலையைக் காட்டிக் கன்று விற்பவரிடம், அந்த விலை விவசாயியின் கைக்கு எந்த வழியில் வரும் என்று ஒரு கேள்வி கேட்டுப் பாருங்கள்.

சவுக்குக் குடும்பம். இதுவும் நைட்ரஜன் சேர்க்கும். ஆனால் துணைக்கு இருப்பது ரைசோபியம் அல்ல, பிராங்கியா என்ற வேறு நுண்ணுயிர். மணலிலும் நிற்கும், காற்றையும் தடுக்கும். மூன்று நான்கு வருடத்தில் கம்பாகவோ காகிதக் கூழுக்கோ போய்விடும். முதல் வருமானம் சீக்கிரம் வேண்டுமென்றால் இதுதான்.

வேப்பங் குடும்பம். வேம்பு, மலைவேம்பு, மகோகனி, சந்தன வேம்பு. மலைவேம்பு ஒட்டுப்பலகைக்கு ஆறு எட்டு வருடத்தில் தயாராகும், கூழுக்கு இன்னும் முன்பே. வேம்பின் பழம் பறவைக்கு, கொட்டை எண்ணெய்க்கு, புண்ணாக்கு வயலுக்கு. மகோகனிக்கும் சந்தன வேம்புக்கும் பொதுவான ஓர் எதிரி உண்டு, குருத்துத் துளைப்பான் புழு. நுனியைத் துளைத்துவிட்டால் நேராகப் போக வேண்டிய மரம் கவட்டையாகிவிடும். பலகைக்கு வேண்டிய நீளம் அதோடு போச்சு. எனக்கு முனை கருகியது இதனால்தான். ஒரே இடத்தில் நூற்றி முப்பது மகோகனி நட்டு அந்தப் புழுவுக்கு விருந்து வைத்திருந்தேன்.

சந்தனக் குடும்பம். சந்தனம் பாதி ஒட்டுண்ணி. இலையில் தானே உணவு சமைக்கும். தண்ணீருக்கும் தாதுக்கும் பக்கத்து மரத்தின் வேரைப் பிடித்துக்கொள்ளும். தனியாக நட்டால் ஏங்கிப் போகும். கன்றுப் பையிலேயே துவரையோ பொன்னாங்கண்ணியோ துணை இருக்க வேண்டும், நிலத்தில் சவுக்கு போல ஒரு நீண்டகாலத் துணை வேண்டும். நான் களை என்று அந்தத் துணைச் செடிகளைப் பிடுங்கிப்போட்டவன்.

அத்திக் குடும்பம். கட்டைக்கு விலை கிடையாது. பலா மட்டும் விதிவிலக்கு, பழமும் தரும் பலகையும் தரும். ஆனால் ஆலும் அரசும் அத்தியும் மற்ற மரங்கள் காய்க்காத மாதத்திலும் பழம் தரும். ஒவ்வொன்றுக்கும் பூவுக்குள் புகுந்து மகரந்தம் சேர்க்கத் தனித்தனிக் குளவி இருக்கிறது. இந்தப் பழத்துக்கு வரும் பறவைகளும் வௌவால்களும் மற்ற விதைகளைக் கொண்டுவந்து போடும். நாலு ஏக்கருக்கு இரண்டு மரம் போதும். கிணற்றுச் சுவரிலிருந்தும் வீட்டிலிருந்தும் தள்ளி வையுங்கள், ஆலின் வேர் கல்லையும் விடாது.

மருதக் குடும்பம். நீர்மருது, தான்றி, கடுக்காய். நீர்மருது ஓடைக்கரையைப் பிடித்து நிற்கும். கடுக்காயும் தான்றிக்காயும் மருந்துக்கடைச் சரக்கு. வெட்டாமலே வருமானம் தரும் குடும்பம் என்பதால் எனக்கு இதன்மேல் ஒரு சாய்வு உண்டு, மறைக்கவில்லை.

இலுப்பைக்கு ஒரு வரி: வௌவால் வளர்க்கும் மரம், கொட்டையில் எண்ணெய், வளர்ச்சி மிக மெதுவு. பேரனுக்காக நடுங்கள்.

பனை இருக்கும் நிலமாக இருந்தால் அதை அழித்துவிட்டு வேறு நடலாம் என்று கணக்குப் போடாதீர்கள். தமிழ்நாட்டில் பனையை வெட்ட மாவட்ட ஆட்சியரின் அனுமதி வேண்டும்.

4. கலவை

நகர மரங்களுக்காக 1990-ல் அமெரிக்க மரவியலாளர் ஃபிராங்க் சாண்டமூர் ஓர் எளிய கணக்குச் சொன்னார். மொத்தத்தில் ஒரே இனம் 10 சதவீதத்தைத் தாண்டக் கூடாது, ஒரே பேரினம் (நெருங்கிய இனங்களின் கூட்டம்) 20, ஒரே குடும்பம் 30. காரணம், பூச்சியும் நோயும் பெரும்பாலும் உறவுக்காரர்களைத் தேடித்தான் போகும். பண்ணையில் 10 சதவீதம் கட்டுப்படியாகாது. ஒரு லாரி நிறையும் அளவுக்காவது ஒரே சரக்கு இல்லாவிட்டால் வியாபாரி வரமாட்டார். ஆனால் குடும்பத்துக்கு 30 என்பதை நான் விடாமல் பிடிக்கிறேன். வேப்பங் குடும்பம் 30, பயறு 30, தேக்கும் குமிழும் 20, மீதி மருது, சவுக்கு, நாவல், அத்தி. இப்படிப் போட்டால் நாலாம் வருடம் சவுக்கு, எட்டாம் வருடம் மலைவேம்பு, பத்தை ஒட்டிக் குமிழ், அப்புறம் தேக்கு என்று பணமும் படிப்படியாக வரும்.

5. கன்று வாங்கும்போது

தமிழ்நாடு அரசின் வேளாண் நிலங்களில் நீடித்த பசுமைப் போர்வைத் திட்டம் 2021-22-ல் தொடங்கியது. வரப்பில் நட ஏக்கருக்கு 50 கன்று, நிலம் முழுக்க நட ஏக்கருக்கு 160 கன்று இலவசம். பிழைத்து நிற்கும் கன்றுக்கு இரண்டாம் வருடம் முதல் நான்காம் வருடம் வரை வருடத்துக்கு 7 ரூபாய், மொத்தம் 21 ரூபாய் ஊக்கத்தொகை. உழவன் செயலியில் பதியலாம், இல்லாவிட்டால் வட்டார வேளாண்மை உதவி இயக்குநர் அலுவலகத்துக்குப் போகலாம். நிதி ஒதுக்கீடும் இருக்கும் இனங்களும் வருடத்துக்கு வருடம் மாறும், அதனால் மழைக்கு இரண்டு மாதம் முன்பே பதிந்துவையுங்கள். நடவு முடிந்த பிறகு போனால் நாற்றங்காலில் மிச்சம்தான் இருக்கும்.

தனியார் நர்சரியில் வாங்கினால் பெயரில் ஏமாறாதீர்கள். மலைவேம்பு என்ற பெயரில் இரண்டு மரம் புழங்குகிறது. ஒட்டுப்பலகைக்கு வேண்டியது மீலியா டூபியா. காய் பெரிது, பூ வெளிறிய பச்சை கலந்த வெள்ளை. சின்னக் காயும் ஊதாப் பூவும் உள்ள மீலியா அசடராக் அந்த உயரத்துக்குப் போகாது. கன்றாக இருக்கும்போது பிரிப்பது கஷ்டம், ஆகவே தாய்மரம் எங்கே என்று கேளுங்கள். கருங்காலி என்ற பெயரிலும் இதே குழப்பம் உண்டு. பில்லில் தாவரவியல் பெயரை எழுதச் சொல்லுங்கள். எழுத மறுப்பவரிடம் வாங்காதீர்கள்.

சந்தேகம் இருந்தால் மேட்டுப்பாளையம் வனக் கல்லூரியும் கோவையிலுள்ள வன மரபியல் மற்றும் மரப்பெருக்கு நிறுவனமும் இருக்கின்றன.

6. நடும் காலமும் செலவும்

வடகிழக்குப் பருவமழை நம்பிய மாவட்டமென்றால் செப்டம்பருக்குள் குழி தயாராக இருக்க வேண்டும். ஒன்றரை அடிக்கு ஒன்றரை அடி, ஆழமும் அதே. குழியை இரண்டு மூன்று வாரம் வெயிலில் ஆறப்போட்டு, மேல்மண்ணும் தொழு உரமும் கலந்து மூடி, முதல் நல்ல மழை நின்ற மறுநாள் நடுங்கள். டிசம்பர் கடைசியில் நடுபவர் கோடை முழுக்கக் குடம் தூக்குவார்.

எண்ணிக்கை சுலபம். 10 அடிக்கு 10 அடி இடைவெளியில் ஏக்கருக்கு 435 மரம். சவுக்கை ஒரு மீட்டருக்கு ஒரு மீட்டர் வைத்தால் சுமார் 4,000.

செலவில் கன்று விலைதான் குறைவான பங்கு. குழிக்கூலி, ஆட்டுக்கு வேலி, முதல் மூன்று கோடைக்குத் தண்ணீர், பட்டுப்போன கன்றுக்கு மாற்று நடவு, இவைதான் பையைக் காலியாக்கும். பத்துக்கு ஒரு கன்று கூடுதலாக வாங்கி நிழலில் வைத்துக்கொள்ளுங்கள். சந்தனம் வைப்பவர்கள் வைரம் பாயத் தொடங்கியதிலிருந்து காவல் செலவையும் கணக்கில் எழுதுங்கள். இதைக் கன்று விற்பவர் சொல்லமாட்டார்.

7. நட்ட மறுவாரம் அடங்கல்

இதுதான் நான் தவறவிட்டது. கிராம நிர்வாக அலுவலரிடம் போய், எந்தப் புல எண்ணில் எந்த மரம் எத்தனை என்று எழுதிக் கொடுத்து அடங்கலில், அதாவது நிலத்தில் என்ன விளைகிறது என்று எழுதும் கிராமக் கணக்கில், ஏற்றச் சொல்லுங்கள். ஒவ்வொரு வருடமும் எண்ணிக்கை சரியா என்று பார்த்து நகல் வாங்குங்கள். சந்தனம், செம்மரம் இருந்தால் இதில் சோம்பல் கூடவே கூடாது. பதிவில் இல்லாத சந்தன மரம் திருடு போனால் புகார் எழுதக்கூடக் கையில் ஆதாரம் இருக்காது.

கன்று வாங்கிய பில், குழி வெட்டிய கூலிச் சீட்டு, களை எடுத்த கணக்கு எல்லாவற்றையும் கோப்பில் போடுங்கள். தானாக முளைத்த மரத்தை விற்ற பணம் வேறு, நீங்கள் உழைத்து வளர்த்த மரத்தை விற்ற பணம் வேறு. விவசாய வருமானம் என்று வரிக்கணக்கில் காட்ட, உழைத்ததற்கான அந்தச் சீட்டுகள்தான் கைகொடுக்கும்.

8. வெட்டவும் ஏற்றவும் அனுமதி

எல்லா மரத்துக்கும் ஒரே கெடுபிடி கிடையாது. சவுக்கும் தைலமரமும் பெரிதாகத் தொல்லை தராது. தேக்கு, ஈட்டி, செம்மரம் என்றால் வனத்துறைக் காகிதம் இல்லாமல் லாரி சோதனைச்சாவடியில் நிற்கும். சந்தனம் உங்கள் பட்டாவில் வளர்ந்தால் மரம் உங்களுடையதுதான், ஆனால் வெட்டுவதும் கொண்டுபோவதும் விற்பதும் வனத்துறை வழியாகத்தான். ஒரு கிளையைக்கூட நீங்களே வெட்டாதீர்கள்.

மனு மாவட்ட வன அலுவலருக்கு. இணைப்பில் பட்டா, சிட்டா, அடங்கல், புலப்படம், கிராம நிர்வாக அலுவலரின் சான்று, மரங்களின் எண்ணும் சுற்றளவும் உள்ள பட்டியல். சுற்றளவைத் தரையிலிருந்து நாலரை அடி உயரத்தில் எடுக்க வேண்டும். வனச்சரகத்திலிருந்து வந்து பார்ப்பார்கள். ஒவ்வொரு மரத்திலும் பெயிண்டில் எண் போட்டு வைத்தால் அவர்கள் வேலை ஒரு மணி நேரத்தில் முடியும். எண் போடாமல் விட்டு இரண்டு முறை வரவைத்தேன், ஒவ்வொரு முறைக்கும் மூன்று வாரம். மனு கொடுத்தவுடன் தேதியிட்ட ஒப்புகை வாங்குங்கள். எனக்கு ஒரு மேசையில் மனுவே காணாமல் போனது, ஒப்புகை இல்லாததால் முதலிலிருந்து ஆரம்பித்தேன்.

கொண்டுபோகும் அனுமதிச் சீட்டில் வண்டி எண், கட்டைகளின் எண்ணிக்கை, போகும் இடம், காலாவதித் தேதி இருக்கும். வண்டி மாறினாலோ தேதி தாண்டினாலோ அந்தச் சீட்டு செல்லாது. லாரி வந்து நின்ற பிறகு சீட்டு வாங்கலாம் என்று இருக்காதீர்கள், ஆனால் ஒரு மாதம் முன்பே வாங்கியும் வைக்காதீர்கள். வேறு மாநிலத்துக்கு அனுப்புவதென்றால், நாடு முழுவதற்குமான இணையவழி அனுமதி முறை 2023 டிசம்பரில் அறிமுகமாகியிருக்கிறது.

9. அளந்து விற்பது

வியாபாரி தோட்டத்தைச் சுற்றிப் பார்த்து மொத்தமாக ஒரு தொகை சொல்வார். சரி என்று தலையாட்டாதீர்கள். மரக்கடையில் கயிற்றை மரத்தின் நடுவில் சுற்றி, அதை நாலாக மடித்து அளப்பார்கள். மடித்த நீளத்தை அதாலேயே பெருக்கி, மரத்தின் நீளத்தால் பெருக்கினால் கன அடி. நடுச்சுற்று 3 அடி, நீளம் 10 அடி என்றால் முக்கால் பெருக்கல் முக்கால் பெருக்கல் பத்து, அதாவது 5.6 கன அடி. அதே கட்டையின் உண்மையான கன அளவு 7.1-க்கு மேல். இந்த முறை எப்போதும் ஐந்தில் ஒரு பங்குக்குச் சற்று மேல் குறைத்தே காட்டும். அறுப்பில் போகும் சேதாரம் இதிலேயே அடங்கிவிட்டது. ஆக, இதற்கு மேல் சேதாரம் என்று இன்னொரு பத்து சதவீதம் கழிக்க விடாதீர்கள். பட்டைக்கு மேல் கயிறா, பட்டையை உரித்தா என்பதையும் முதலிலேயே பேசிவிடுங்கள்.

தேக்கில் வைரம் எவ்வளவு, அதைச் சுற்றியுள்ள மென்மையான வெள்ளை எவ்வளவு என்பதுதான் விலை. பதினைந்து வயது மரத்தில் வெள்ளைதான் அதிகம். பணமுடை இல்லையென்றால் நிற்கட்டும்.

கூழ்மரம் எடைக்குப் போகும். வெட்டிப் போட்டுக் காயவிட்டால் ஒவ்வொரு நாளும் எடை குறையும். லாரி உறுதியான பிறகே கத்தி வையுங்கள். ஆலைகளோடு ஒப்பந்த சாகுபடி செய்தால் மூன்றே கேள்வி: குறைந்தபட்ச விலை எழுத்தில் இருக்கிறதா, வெட்டுக்கூலியும் வண்டி வாடகையும் யாருடையது, எடை எங்கே போடுவார்கள்.

மரம் போன பிறகும் ஒரு வேலை இருக்கிறது. வெட்டிய எண்ணிக்கையை அடங்கலில் கழிக்கச் சொல்லுங்கள். தேக்கு அடிக்கட்டையைத் தோண்டி எடுக்காதீர்கள். அடுத்த மழையில் அதிலிருந்து ஏழெட்டுத் துளிர் வரும். நேராகப் போகும் ஒன்றை விட்டுவிட்டு மற்றதைக் கழித்தால், கன்றும் குழியும் இல்லாமல் இரண்டாம் மரம். அதையும் அடங்கலில் ஏற்றிவிடுங்கள்.